குடத்தில் 330 மில்லி எங்கே போகிறது: சிமுலேட்டரை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

கேள்வி கொருக்குப்பேட்டையிலிருந்து, டிப்ளமோ இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பியிடமிருந்து வந்திருக்கிறது. தெருமுனை ஆர்.ஓ. தண்ணீர்க் கடைக்காக அவர் ஒரு கருவி செய்திருக்கிறார். பொத்தானை அழுத்தினால் வால்வு திறக்கும். 10 லிட்டர் குடம் நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும். ஏடிமெகா328பி சிப் உள்ள ஆர்டுயினோ ஊனோ, தண்ணீர் ஓட ஓட மின்துடிப்பு தரும் ஒய்எஃப்-எஸ்201 நீரோட்ட சென்சார், மின்சுருளால் திறந்து மூடும் 12 வோல்ட் சோலினாய்டு வால்வு, இவ்வளவுதான் சரக்கு. சென்சாருக்குப் பதிலாகச் சீரான துடிப்பு தரும் ஒரு சிப்பை வோக்வி சிமுலேட்டரில் (போர்டு இல்லாமலே கணினியில் நிரலை ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) எழுதி இணைத்து ஓட்டியிருக்கிறார். ஒரு குறையும் தெரியவில்லை. கடையில் மாட்டிய பிறகு இரண்டு தொல்லைகள். எப்போதாவது ஒரு குடம் சுமார் 330 மில்லி குறைவாக நிற்கிறது. எப்போதாவது வால்வு மூடும் நொடியில் போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. “பிழை தேடும் டீபக்கர் கருவி வாங்கக் கையில் காசில்லை அண்ணா. சிமுலேட்டரால் இதற்கு மேல் பயன் உண்டா, அல்லது அதை மூட்டை கட்டிவிடலாமா?” என்று கேட்கிறார்.

மூட்டை கட்ட வேண்டாம் தம்பி. உங்கள் முதல் தொல்லையைச் சிமுலேட்டரில்தான் பிடிக்க முடியும். போர்டை வைத்துக்கொண்டு பிடிப்பது பெரும்பாடு. இரண்டாவது தொல்லை சிமுலேட்டரின் கண்ணுக்கே தெரியாது. இந்த இரண்டையும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள் என்று நினைத்துத்தான் அலைந்திருக்கிறீர்கள் என்று நிரலைப் பார்த்தாலே தெரிகிறது. சம்பந்தமில்லாத இடங்களிலெல்லாம் தாமதம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். முதல் வேலையாக அவற்றை எடுத்துவிடுங்கள்.

குறைகிற அளவிலிருந்து தொடங்குவோம். 200, 450, 90 என்று மாறி மாறிக் குறைந்திருந்தால் குழாயில் காற்று, சென்சாரில் அடைப்பு என்று தேடப் போகலாம். ஒவ்வொரு முறையும் அதே 330 என்றால் தண்ணீரைச் சந்தேகிக்க இடமில்லை, கணக்கில்தான் கோளாறு. இந்தச் சென்சாருக்கு லிட்டருக்கு 450 துடிப்பு என்ற வழக்கமான எண்ணையே வைத்திருக்கிறீர்கள். 10 லிட்டருக்கு 4500. அதில் 330 மில்லி என்பது ஏறத்தாழ 148 துடிப்பு. 4500இல் 148 போனால் 4352. அதை 256ஆல் வகுத்துப் பாருங்கள்: மீதியில்லாமல் 17. எட்டு பிட்டில், அதாவது ஒரு பைட்டில், 0 முதல் 255 வரைதான் அடங்கும்; எட்டு பிட் சிப்பில் பிழை தேடும்போது 256இன் மடங்கு கண்ணில் பட்டால் நான் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிடுவேன்.

நடப்பது இதுதான். துடிப்பு எண்ணும் மாறி 16 பிட். ஏடிமெகா328பி ஒரு நேரத்தில் 8 பிட்டைத்தான் நினைவகத்திலிருந்து எடுக்கும். ஆகவே உங்கள் நிரலில் ‘எண்ணிக்கை 4500ஐத் தொட்டுவிட்டதா’ என்ற ஒரே வரி, இயந்திர மொழியில் இரண்டு எல்டிஎஸ் கட்டளைகளாகிறது. முதலாவது கீழ் பைட்டை எடுக்கும். இரண்டாவது மேல் பைட்டை எடுக்கும். எண்ணிக்கை 4351இல் இருக்கும்போது மேல் பைட் 16, கீழ் பைட் 255. முதல் கட்டளை 255ஐ எடுத்துவிட்டது என்று வையுங்கள். அந்த இடுக்கில் சென்சாரின் அடுத்த துடிப்பு வந்து, ஓடும் வேலையை நிறுத்தி எண்ணிக்கையைக் கூட்டும் இண்டரப்ட் புகுந்துவிடுகிறது. எண்ணிக்கை 4352 ஆகிறது: மேல் பைட் 17, கீழ் பைட் 0. இண்டரப்ட் முடிந்து திரும்பியதும் இரண்டாவது கட்டளை மேல் பைட்டாக 17ஐ எடுக்கிறது. நிரலின் கையில் இப்போது இருப்பது பழைய 255, புதிய 17. சேர்த்தால் 4607. அது 4500ஐத் தாண்டிய எண், வால்வு மூடிக்கொள்கிறது. குடத்தில் விழுந்திருப்பதோ 4352 துடிப்புக்கான தண்ணீர்தான்.

255ஐக் கடக்கும் மற்ற இடங்களிலும் இதே கிழிசல் நேரக்கூடும். ஆனால் அங்கெல்லாம் 256 கூடினாலும் 4500ஐ எட்டாது. அடுத்த சுற்றிலேயே சரியான எண் வந்துவிடும். திரையில் எப்போதாவது அரை லிட்டர் குதித்துத் திரும்பியதைப் பார்த்திருந்தால், அதுவும் இதன் வேலைதான்.

ஏன் இவ்வளவு அரிதாக வருகிறது? நீங்கள் அனுப்பிய நிரலை, ஏவிஆர் என்ற இந்தச் சிப் குடும்பத்துக்கான சிம்ஏவிஆர் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தேன். குடம் நிரம்பும்போது ஓடும் சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 320 கடிகாரச் சுழற்சி ஆகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் அது 20 மைக்ரோ விநாடி. எல்டிஎஸ் கட்டளைக்கு 2 சுழற்சி. அதாவது 320இல் 2 சுழற்சி அகலமுள்ள இடுக்கில், அந்த ஒரே ஒரு துடிப்பு வந்து விழ வேண்டும். 160 குடத்துக்கு ஒன்று என்ற கணக்கு. கடைக்காரர் “எப்போதாவது” என்று சொன்னது சரிதான்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: வோக்வியில் ஏன் ஒருமுறைகூட வரவில்லை? உங்கள் துடிப்பு சிப் எப்போது எண்ணத் தொடங்குகிறது என்று பாருங்கள். வால்வு பின் உயர்ந்ததும் தொடங்குகிறது. அதன் பிறகு சீரான இடைவெளியில் துடிப்பு வருகிறது. நிரலும் அதே கடிகாரத்தில் ஓடுகிறது. ஆகவே 4352ஆம் துடிப்பு, சுற்றின் எந்த இடத்தில் முதல் முறை விழுந்ததோ, ஏறக்குறைய அதே இடத்தில்தான் எல்லா முறையும் விழும். டைமர் இண்டரப்ட் சற்றே தள்ளிவிடலாம், அவ்வளவுதான். நீங்கள் பல முறை ஓட்டியதாக நினைக்கிறீர்கள். உண்மையில் ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறீர்கள். சிமுலேட்டரில் ஒருமுறை தப்பிய பிழை, உள்ளீட்டை மாற்றாதவரை தப்பிக்கொண்டேதான் இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் சிமுலேட்டரைக் காட்டும்போது ‘ரிசல்ட் வந்ததா’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த படியை யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்த அடுத்த படிக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் சிம்ஏவிஆர் போதும். இலவசம், திறந்த மூலம். சுமாரான மடிக்கணினியிலும் லினக்ஸில் நன்றாக ஓடும்.

முதல் வழி கைவேலை. ஆர்டுயினோ ஐடிஇயில் தொகுத்த கோப்பை ஏற்றுமதி செய்யும்போது எல்ஃப் கோப்பு ஒன்று கிடைக்கும். சிம்ஏவிஆரில் சிப்பின் பெயரையும் 16 மெகாஹெர்ட்ஸையும் கொடுத்து, ஜிடிபி என்ற டீபக் மென்பொருளுக்குக் காத்திருக்கும் முறையில் அந்தக் கோப்பை ஏற்றுங்கள். அது 1234 என்ற போர்ட்டில் காத்திருக்கும். இன்னொரு ஜன்னலில் ஏவிஆருக்கான ஜிடிபியைத் திறந்து அதோடு இணையுங்கள். நிரப்பும் சுற்றை டிஸ்அசெம்பிள் செய்தால் (இயந்திரக் கட்டளைகளாகப் பிரித்துக் காட்டச் சொன்னால்) அந்த இரண்டு எல்டிஎஸ் அடுத்தடுத்து நிற்பது தெரியும். முதலாவதில், நிரல் வந்து நிற்கும்படி, ஒரு பிரேக்பாயிண்ட் வையுங்கள். நின்றதும், எண்ணும் மாறியை 4351 ஆக்குங்கள். 10 லிட்டர் ஓடும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே சிமுலேட்டரின் பெரிய வசதி. ஒரே ஒரு கட்டளை மட்டும் நகருங்கள். இப்போது மாறியை 4352 ஆக்குங்கள். இண்டரப்ட் செய்திருக்கும் வேலையை நீங்கள் கையால் செய்கிறீர்கள். இன்னொரு கட்டளை நகர்ந்து, சிப் எண்களை எடுத்து வைக்கும் ரெஜிஸ்டர்களைப் பாருங்கள். பெரும்பாலும் 24, 25 எண்ணுள்ள ரெஜிஸ்டர்களாக இருக்கும். ஒன்றில் 255, மற்றொன்றில் 17. பிறகு ஓட விட்டால் வால்வு மூடிக்கொள்ளும்.

போர்டிலேயே இதைச் செய்யலாமே என்று தோன்றும். இந்தச் சிப்பின் டீபக் வழியான டீபக்வயர், ரீசெட் பின்னைத்தான் பயன்படுத்துகிறது. ஊனோ போர்டில் தானியங்கி ரீசெட்டுக்காக அதே பின்னில் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. அதைத் துண்டிக்க வேண்டும். தவிர, மென்பொருள் பிரேக்பாயிண்ட் ஒவ்வொன்றையும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதித்தான் வைக்கும். அந்த ஃபிளாஷுக்கு 10,000 முறை எழுதும் ஆயுள் என்று தரவுத்தாள் சொல்கிறது. சிமுலேட்டரில் நூறு பிரேக்பாயிண்ட் வைத்தாலும் எதுவும் தேயாது.

இரண்டாவது வழியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கைவேலையில், பிழை எங்கே என்று முன்பே ஊகித்திருக்க வேண்டும். இதில் அது தேவையில்லை. சிம்ஏவிஆரை நூலகமாக இணைத்து உங்கள் கணினியில் ஒரு சிறிய சி நிரல் எழுதுங்கள். அது எல்ஃப் கோப்பை ஏற்றி, எண்ணிக்கையை 4350இல் வைத்து, இரண்டு துடிப்பைக் கொடுத்து, வால்வு பின் இன்னும் திறந்த நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அடுத்த ஓட்டத்தில் துடிப்பை ஒரே ஒரு சுழற்சி தள்ளிக் கொடுங்கள். அதற்கடுத்ததில் இன்னொன்று. சுற்று 320 சுழற்சிதான் என்பதால் 320 ஓட்டத்தில் எல்லா இடுக்கிலும் துடிப்பு விழுந்துவிடும். ஒவ்வொரு ஓட்டமும் கண்ணிமைக்கும் நேரம். கடையில் 160 குடத்துக்கு ஒன்று என்று மறைந்து விளையாடும் பிழை, இங்கே எந்த நகர்வில் வருகிறது என்ற எண்ணோடு மாட்டும். சீரான துடிப்புக்குப் பதில் தாறுமாறான துடிப்பு, இரண்டு துடிப்பு ஒட்டி வருவது, நிரம்பும் நடுவில் பொத்தானை அழுத்துவது என்று பின்பு சேர்த்துக்கொள்ளலாம். நிரலிடம் நல்லபடி நடந்துகொள்ளும் சோதனையால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

திருத்தம் எளிது. ஏவிஆர் சி நூலகத்தில் அட்டாமிக் பிளாக் என்று, இண்டரப்டைத் தற்காலிகமாக மூடி வைக்கும் ஒன்று இருக்கிறது. அதற்குள் எண்ணிக்கையை ஓர் உள் மாறியில் நகலெடுங்கள். ஒப்பிடுவதை நகலை வைத்து வெளியே செய்யுங்கள். சில சுழற்சி நேரம் மட்டுமே இண்டரப்ட் மூடியிருக்கும். துடிப்பு எதுவும் தவறாது. இண்டரப்டை மூடவே மனமில்லை என்றால், இரண்டு முறை அடுத்தடுத்துப் படித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். உங்கள் துடிப்பு விநாடிக்கு நூறைக்கூட எட்டாது என்பதால் இதுவும் வேலை செய்யும். “வாலட்டைல் போட்டால் சரியாகிவிடும்” என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் ஏற்கெனவே போட்டிருக்கிறீர்கள், சரியாகவில்லை. ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே எடு என்று கம்பைலருக்குச் சொல்வதோடு வாலட்டைலின் வேலை முடிந்தது. இரண்டு பைட்டையும் ஒரே மூச்சில் எடு என்று அது சொல்லாது.

திருத்திய பிறகு அதே 320 ஓட்டத்தையும் மறுபடி ஓட்டுங்கள். கட்டளைகள் கூடியதால் சுற்றின் நீளம் மாறியிருக்கும். கொஞ்சம் கூடுதலாகவே நகர்த்திப் பாருங்கள். ஒன்றிலும் வால்வு முன்கூட்டி மூடவில்லை என்றால் இந்தக் கணக்கு தீர்ந்தது. கடையில் மாட்டிவிட்டு, புகார் வரவில்லை அதனால் சரியாகிவிட்டது என்று நம்புவதைவிட இது உறுதி.

ரீசெட்டுக்கு வருவோம். இங்கே முதல் கேள்வி, அது உண்மையிலேயே ரீசெட்டா என்பது. ஏடிமெகா328பியில் எம்சியுஎஸ்ஆர் என்ற ரெஜிஸ்டர் இருக்கிறது. மின்சாரம் புதிதாக வந்ததா, ரீசெட் பின் இழுக்கப்பட்டதா, மின்னழுத்தம் சரிந்ததா, நிரல் உறைந்தால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக் கடித்ததா என்று நான்கு பிட்டில் அது சொல்லும். நிரல் தொடங்கியதும் அதைப் படித்து, மின்சாரம் போனாலும் அழியாத ஈஈபிராம் நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறைக்காக நான்கு பிட்டையும் பூஜ்யமாக்குங்கள். ஆர்டுயினோவின் பூட்லோடர் (நிரலை ஏற்றுவதற்காக முதலில் ஓடும் சிறு நிரல்) உங்கள் நிரலுக்கு முன்பே அதைத் துடைத்துவிடக்கூடும். ஆகவே இந்தச் சோதனைக்கு மட்டும் பூட்லோடர் இல்லாமல் ஐஎஸ்பி (சிப்பில் நேராக எழுதும் இணைப்பு) வழியே நிரலை ஏற்றுங்கள். இன்னொரு ஊனோ இருந்தால் அதையே ஐஎஸ்பி ஆக்கிக்கொள்ளலாம்.

நான்கு பிட்டும் காலியாக இருந்தால் சிப் ரீசெட் ஆகவில்லை; நிரல்தான் பூஜ்ய முகவரிக்குத் தாவியிருக்கிறது. அது சிமுலேட்டரின் வட்டாரம். பார்க்க வேண்டியவை இரண்டு. ஓர் இண்டரப்டை இயக்கிவிட்டு அதற்கான செயல்கூறு எழுதாமல் விட்டால், நூலகத்தின் இயல்பான ஏற்பாடு நிரலை ஆரம்பத்துக்கே அனுப்பிவிடும். பார்ப்பவருக்கு ரீசெட் போலவே இருக்கும். அந்த இயல்பான கையாளியின் மீது சிமுலேட்டரில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தால் தெரிந்துவிடும். மற்றொன்று ஸ்டாக், அதாவது செயல்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவிடம். மொத்தமே 2 கிலோபைட் ராம். 256 முதல் 2303 வரையிலான முகவரிகள். மேலிருந்து ஸ்டாக் இறங்கும். கீழிருந்து மாறிகளும் ஹீப்பும் (ஓடும்போது நிரல் கேட்டு வாங்கும் இடம்) ஏறும்; இரண்டும் மோதினால் நிரல் தடம் புரண்டு எங்கோ தாவும். நிரல் தொடங்கும் முன் நடுவிலுள்ள காலி இடம் முழுவதையும் ஒரே எண்ணால், 170 என்று வையுங்கள், நிரப்பிவிட்டு, எல்லா வேலையையும் செய்ய வைத்து நீண்ட நேரம் ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி நினைவகத்தைப் பார்த்தால் எத்தனை 170 மிஞ்சியிருக்கிறது என்பது கண்முன் தெரியும். உங்கள் நிரலில் நான் பார்த்தவரை இடம் தாராளமாக இருக்கிறது.

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். வால்வு மூடும் நொடியில்தான் ஆகிறது என்று சொல்கிறீர்கள். திறக்கும்போது ஆனால், வால்வு இழுக்கும் மின்னோட்டத்தால் அழுத்தம் சரிகிறது என்று நினைக்கலாம். மூடும்போது ஆகிறதென்றால், மின்னோட்டம் திடீரென அறுபடும்போது சுருளிலிருந்து எழும் மின்னழுத்த உதைதான். இதை எந்தச் சிமுலேட்டரும் காட்டாது. அதற்கு வால்வு என்பது ஒரு பின் 1 ஆவதும் 0 ஆவதும்தான். காசிமேட்டுப் பக்கம் ஐஸ் உடைக்கும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்து தருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: காண்டாக்டர், ரிலே, வால்வு என்று சுருள் இருக்கும் இடத்தில் முதலில் சுருளைப் பாருங்கள், பிறகு நிரலைப் பாருங்கள்.

சிமுலேட்டருக்குத் தெரியாத வேறு சிலவற்றையும் சொல்லி வைக்கிறேன். எண்ணூர் முதல் ராயபுரம் வரை நம் கரையோரத்தில் உப்புக்காற்று. மூடாத போர்டில் உப்பு படிந்து ஈரம் சேர்ந்தால் பின்களுக்கு இடையே மின்கசிவு வரும். மின்னழுத்தப் பக்கம் இழுத்து வைக்கும் புல்அப் மின்தடை இல்லாமல் தொங்கும் உள்ளீட்டுப் பின், சிமுலேட்டரில் பெரும்பாலும் சமர்த்தாக 0 காட்டும். கடையில் அது நினைத்ததைக் காட்டும். பொத்தானின் அதிர்வு விஷயத்தில் வோக்வியைப் பாராட்ட வேண்டும். அதன் பொத்தான் நிஜப் பொத்தான் போலவே இயல்பாக அதிரும். சோதனையின்போது எரிச்சலாக இருக்கிறதென்று அதை அணைத்துவிடாதீர்கள்.

கடிகாரமும் ஒரு பெரிய ஓட்டை. சிமுலேட்டரிடம் 16 மெகாஹெர்ட்ஸ் என்று நீங்கள் சொன்னால் அது நம்பிவிடும். கடையில் வாங்கும் புதிய ஏடிமெகா328பி, உள்ளே உள்ள 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும்; சிப்பின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஃபியூஸ் பிட்டை மாற்றும்வரை ஒரு விநாடி 16 விநாடி ஆகும். நாளை தனி சிப்பில் இதைச் செய்யும்போது நினைவில் இருக்கட்டும். 8051 சிப்பைப் படித்திருப்பீர்கள்; அங்கும் இதே கதைதான். 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் டைமரில் 253 போட்டால் 9600 பாட் (சீரியல் தகவல் போகும் வேகம்) துல்லியமாக வரும். அதே எண்ணை 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு வைத்தால் 10,417 ஆகிவிடும். எட்டு சதவீதத்துக்கு மேல் பிழை. எதிர்முனையில் குப்பை எழுத்து வரும். சிமுலேட்டரின் சீரியல் ஜன்னலிலோ எழுத்து அழகாகவே வந்துகொண்டிருக்கும்.

வேறு சிப்புக்குப் போனாலும் வழிமுறை இதேதான். கருவி மட்டும் மாறும். 8051க்குக் கெய்ல் அல்லது எட்சிம்51, பிக் சிப்புகளுக்கு எம்பிலேப் எக்ஸ் உள்ளேயே இருக்கும் சிமுலேட்டர், ஏஆர்எம் என்றால் ரெனோட். எதை எடுத்தாலும் சுழற்சி எண்ணிக்கை காட்டுகிறதா, வெளி உள்ளீட்டை நிரல் எழுதிக் கொடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த இரண்டும் இல்லையென்றால் அது எல்ஈடி எரிவதை வேடிக்கை பார்க்கத்தான் உதவும்.

காசு விஷயம். டீபக்கருக்கு முன்னால், எட்டு சேனல் உள்ள மலிவான லாஜிக் அனலைசர் (பின்களின் துடிப்பை நேரத்தோடு பதிவு செய்யும் கருவி) ஒன்றை ரிச்சி தெருவில் வாங்குங்கள். அதற்கான பல்ஸ்வியூ மென்பொருள் இலவசம். சென்சாரின் நிஜத் துடிப்பைப் பதிவு செய்து, அதே நேரங்களை உங்கள் சி நிரலுக்கு ஊட்டினால், கடையின் தண்ணீரே சிமுலேட்டருக்குள் ஓடுவதற்குச் சமம். சிம்ஏவிஆர் எழுதும் விசிடி என்ற அலைவடிவக் கோப்பை ஜிடிகேவேவ் மென்பொருளில் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

அதற்கும் முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டியது: சுருளின் உதையை அடக்க, வால்வின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றை வையுங்கள். வெள்ளிக் கோடுள்ள முனை 12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். அதைப் போர்டில் வைக்காதீர்கள். ஒயர் நீளம் குறைய, வால்வின் முனையிலேயே வையுங்கள். வால்வின் தரை ஒயர் ஊனோ வழியாகப் போகாமல், அடாப்டருக்கு நேராகத் தனியே போகட்டும். பிறகு எம்சியுஎஸ்ஆரில் என்ன வந்திருக்கிறது என்று எழுதுங்கள்.